புறாவின் பசியும் புறாவின் வேலையும்

பசியடக்கி என்ற பெயர், ஒரு மருந்தை மனிதர்கள் எந்தப் பயன் கருதி உட்கொள்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அம்மருந்து உடலுக்குள் புகுந்து எந்தச் செயலை, எந்த அளவுக்கு, எந்தச் சூழலில் மாற்றுகிறது என்பதை அப்பெயர் சொல்வதில்லை. ஆம்பெட்டமின், ஃபென்மெட்ரசின், டைஎத்தில்புரோபியான், ஃபென்டெர்மின், மேசிண்டால், ஃபென்ஃப்ளூரமின் ஆகிய எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் உடற்பருமனைக் குறைப்பதற்காக எழுதித் தரப்பட்டவை. மூளையில் அவை தொடும் இடங்கள் ஒன்றல்ல என்றாலும், சாப்பாட்டின் அளவு குறைகிறது என்ற ஒரே விளைவு அவற்றை ஒரு குடும்பமாக்கிவிட்டது. தானியத்துக்காக வேலை செய்யப் பழகிய ஒரு புறாவுக்கு இம்மருந்துகளைச் செலுத்தினால் என்ன நேரும் என்ற கேள்வியை, 1950-களின் நடுவில் உருப்பெற்ற நடத்தை மருந்தியல் என்னும் துறை பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. பசி குறைந்தால் பசிக்காகச் செய்யும் வேலையும் குறைந்தாக வேண்டும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் கணக்கு. புறா அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை.

மருந்துகளின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆம்பெட்டமினை 1887-இல் பெர்லினில் லசார் எடலேயானு என்ற ருமேனிய வேதியியலாளர் உருவாக்கினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதற்கு ஒரு பயனும் தெரியாமலிருந்து, 1930-களில் மூக்கடைப்புக்கும் தூக்க நோய்க்கும் பயன்பட்டு, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் உடல் எடை குறைப்புக்கும் வந்து சேர்ந்தது. அது நரம்பு முனைகளிலிருந்து டோபமின், நார்அட்ரினலின் ஆகிய இரு செய்திக்கடத்திகளை வெளியேற்றி, உண்பவரை விழிப்பும் துடிப்பும் உள்ளவராக்குகிறது. 1960-களில் பிரான்சில் விற்பனைக்கு வந்த ஃபென்ஃப்ளூரமின், ஆம்பெட்டமினின் வேதியியல் உறவுக்காரனாக இருந்தும், செரட்டோனின் என்னும் வேறொரு செய்திக்கடத்தியை வெளியேற்றுகிறது. துடிப்பைத் தருவதற்கு மாறாகப் பலருக்கு மந்தத்தையும் தூக்கக்கலக்கத்தையும் தந்தது. இதய வால்வுகளைக் கெடுப்பது தெரியவந்து 1997-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட அம்மருந்து, 2020-இல் குழந்தைகளைத் தாக்கும் டிராவே என்ற கடுமையான வலிப்பு நோய்க்கான மருந்தாக வேறு வேடத்தில் திரும்பியது. ஒன்று முடுக்கி, மற்றொன்று தணிப்பி. இரண்டின் மீதும் ஒட்டப்பட்ட சீட்டு மட்டும் ஒன்று.

இக்கேள்விக்கு எலியைவிடப் புறாவே அதிகம் பயன்பட்டதற்குக் காரணம் உண்டு. புறாவின் கண் கூர்மையானது. நிறத்தையும் வடிவத்தையும் வேறுபடுத்த அதைப் பழக்குவது எளிது. ஒரே அமர்வில் சலிப்பின்றி ஆயிரக்கணக்கான முறை கொத்தும். பல ஆண்டுகள் வாழ்வதால், ஒரு பறவையின் மருந்தில்லா நாளை அதே பறவையின் மருந்து நாளோடு மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். வழக்கமான சோதனைப் பெட்டியில், பறவையின் கண் மட்டத்தில், பின்னாலிருந்து ஒளியூட்டப்படும் சிறு வட்டு ஒன்று சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். அதைப் பறவை கொத்தினால் மின்தொடர்பு ஏற்பட்டுக் கொத்து எண்ணப்படும். குறித்த நிபந்தனை நிறைவேறியதும் கீழேயுள்ள திறப்பில் தானியத் தட்டு மூன்று நான்கு வினாடிகள் மேலெழுந்து பிறகு இறங்கிவிடும். ஒரு செயலைத் தொடர்ந்து வந்து அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டும் இத்தகைய விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர். எந்த நிபந்தனையில் அது கிடைக்கும் என்ற விதிக்கு வலுவூட்டல் ஏற்பாடு என்று பெயர். பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட பெருநூல் இத்தகைய ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் புறாவிடம் எவ்வகை வேலைப்பாங்கை உண்டாக்குகின்றன என்பதை வரைபடம் வரைபடமாகக் காட்டியது.

பசி என்ற சொல் இந்த ஆய்வுக்கூடங்களில் எடைத்தராசின் மொழியில்தான் பேசப்பட்டது. பறவைக்கு வேண்டிய மட்டும் தீனி கொடுத்து, எடை நிலைத்ததும், தீனியைக் குறைத்து அந்த எடையின் 80 விழுக்காட்டில் அதை நிறுத்திவைப்பது மரபாயிற்று. இது கொடும்பட்டினி போலத் தோன்றினாலும், ஆலன் போலிங்கும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் காட்டியபடி, வெளியில் பிடிக்கப்பட்ட காட்டுப் புறாக்கள் கூண்டில் தட்டுப்பாடின்றித் தீனி கிடைத்தவுடன் கணிசமாகப் பருத்துவிடுகின்றன. ஆகவே கூண்டுப் பறவையின் முழு எடை என்பதே இயற்கைக்கு மிஞ்சிய எடைதான். எனினும் பசியடக்கிகளைப் பொறுத்தவரை இந்த மரபுக்கு ஒரு விலை இருந்தது: பசியை எப்போதும் உச்சத்தில் பிடித்து வைத்துவிட்டு, அதைத் தணிப்பதாகச் சொல்லப்படும் மருந்தை அதன்மேல் செலுத்தும் சோதனையில், மருந்து தோற்றாலும் வென்றாலும் அது எதனால் என்று பிரித்தறிவது கடினம்.

துறையின் அடித்தளத்தை இட்டவர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மருந்தியலாளர் பீட்டர் டியூஸ். அவர் 1955-இல் வெளியிட்ட கட்டுரை பசியடக்கியைப் பற்றியதன்று. பென்டோபார்பிட்டால் என்ற உறக்க மருந்தைப் பற்றியது. ஆயினும் பின்னால் வந்த அனைத்துக்கும் அதுவே திறவுகோல். புறாக்கள் இருவகை ஏற்பாடுகளில் பழக்கப்பட்டிருந்தன: ஒன்றில் 50 கொத்துகள் முடிந்ததும் தானியம் கிடைக்கும், இது நிலைவிகித ஏற்பாடு, மற்றொன்றில் 15 நிமிடங்கள் கழிந்த பின் கொத்தும் முதல் கொத்துக்குத் தானியம் கிடைக்கும், இது நிலையிடைவெளி ஏற்பாடு. ஒரே அளவு மருந்து முதல் ஏற்பாட்டில் கொத்தும் வேகத்தைக் கூட்டியது, இரண்டாவதில் குறைத்தது. பறவை அதே, பசி அதே, பரிசும் அதே தானியம், செயலும் அதே கொத்தல். வேறுபட்டது பறவை கற்றிருந்த விதி மட்டுமே. மருந்தின் விளைவை மருந்தின் வேதியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை, அது வந்து சேரும் கணத்தில் விலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது என்ற கருத்து இங்கிருந்துதான் வேர்விட்டது.

1958-இல் டியூஸ் இதே வழியில் மெத்தாம்பெட்டமினைச் சோதித்தபோது பசிக் கணக்கு நேரடியாகவே ஆட்டம் கண்டது. நான்கு ஏற்பாடுகளில் அவர் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்: 15 நிமிட நிலையிடைவெளி, சராசரியாக நிமிடத்துக்கு ஒருமுறை தானியம் தரும் மாறும் இடைவெளி, 50 கொத்து விகிதம், 900 கொத்து விகிதம். நிலையிடைவெளியிலும் 900 கொத்து விகிதத்திலும் புறாக்கள் மருந்தின் கீழ் அதிகமாகக் கொத்தின. 50 கொத்து விகிதத்திலும் மாறும் இடைவெளியிலும் அந்த உயர்வு தோன்றவில்லை. 900 கொத்துக்கு ஒருமுறைதான் கூலி என்றால் புறா இயல்பாகவே நீண்ட நேரம் சும்மா நிற்கும். மருந்து ஏறியதும் அந்தப் பறவை வேலையில் இறங்கியது. நிலையிடைவெளியில் இது இன்னும் விசித்திரமானது. அங்கே கூடுதலாகக் கொத்துவதால் ஒரு மணி தானியமும் கூடுதலாக வராது, நேரம்தான் கழிய வேண்டும். பசியை அடக்குவதாகப் பெயர் பெற்ற மருந்தின் கீழ், அதே தானியத்துக்காகப் பறவை முன்னைவிட அதிகம் உழைத்தது என்றே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் புதிருக்குத் துறை தந்த விடை வேகச்சார்பு என்ற கோட்பாடு. நிலையிடைவெளியில் பழகிய புறா இடைவெளியின் தொடக்கத்தில் கொத்தாமலே இருந்து, நேரம் நெருங்க நெருங்க வேகமெடுத்து, முடிவில் விடாது கொத்தும். பதிவுத்தாளில் அது பிறை போல் வளைந்த கோடாக விழும். ஆம்பெட்டமின் செலுத்தப்பட்ட நாளில் இந்தப் பிறை நிமிர்கிறது: மெதுவாகக் கொத்திய தொடக்கப் பகுதியின் வேகம் பலமடங்கு உயர, வேகமாகக் கொத்திய இறுதிப் பகுதி அப்படியே நிற்கிறது அல்லது தாழ்கிறது. மருந்தில்லாதபோது ஒரு செயலின் வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு மருந்து அதைக் கூட்டும், எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் குறைக்கும் என்பதே கோட்பாட்டின் சாரம். ரோஜர் கெல்லஹரும் வில்லியம் மோர்ஸும் 1968-இல் எழுதிய நீண்ட மதிப்பாய்வு இதைத் துறையின் பொதுமொழியாக்கியது. இதில் பசிக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொத்தும் வேகம் எதனால் வந்தது என்பதைப் பற்றிக் கோட்பாடு கவலைப்படுவதில்லை.

கோட்பாடு அழகானது, ஆனால் அது தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை அதன்மேல் ஏற்றப்பட்டது என்றே சொல்ல வேண்டும். கொத்தினால் தானியத்தோடு இலேசான மின்னதிர்ச்சியும் கிடைக்கும் என்ற ஏற்பாட்டில் பறவையின் வேகம் மிகவும் குறைந்துவிடும். கோட்பாட்டின்படி ஆம்பெட்டமின் அந்தக் குறைந்த வேகத்தைத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். பொதுவாக அது தூக்கவில்லை. தூக்கியது பென்டோபார்பிட்டால் போன்ற தணிப்பு மருந்துகள்தான். ஆகவே வேகம் குறைவாக இருப்பது மட்டும் போதாது, அது ஏன் குறைவாக இருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. ஃபென்ஃப்ளூரமினோ இந்தக் கோட்பாட்டின் கதவைத் தட்டவேயில்லை: ஆம்பெட்டமின் வகைகள் சிறு அளவில் உயர்த்திப் பெரிய அளவில் தாழ்த்தும் இடத்தில், அது பெரும்பாலும் அளவு கூடக்கூடத் தாழ்த்தல் ஒன்றையே காட்டியது.

தாழ்த்தல் தெரிந்தவுடன் பசி போய்விட்டது என்று முடிவு கட்டுவது எளிது. அந்த எளிமையைத்தான் இத்துறையின் நல்ல ஆய்வுகள் நம்ப மறுத்தன. மருந்து கொத்தலைக் குறைக்கப் பல வழிகள் உண்டு: பறவைக்குத் தூக்கம் வரலாம், குமட்டலாம், கால் தள்ளாடலாம், கண் மங்கலாம், தலையை ஆட்டும் அல்லது ஓரிடத்தில் சுற்றும் ஏதோவொரு பொருளற்ற அசைவு கொத்தலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பசி குறைவதன் உண்மையான முகம் எப்படியிருக்கும் என்பதை அறிய மருந்தே வேண்டியதில்லை, அமர்வுக்கு முன் பறவைக்குத் தீனி போட்டால் போதும். அப்படிப் போட்ட நாளில், விகித ஏற்பாட்டில் பழகிய புறா தானியம் தின்ற பிறகு அடுத்த சுற்றைத் தொடங்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட வழக்கமான வேகத்திலேயே கொத்தி முடிக்கும். வேலையின் உருவம் கலையாது, வேலைக்கு இறங்கும் மனம்தான் தாமதிக்கும். ஆம்பெட்டமின் வகை மருந்துகளின் பெரிய அளவுகளில் தெரிவது இதுவன்று. நேரத்துக்கேற்ப அடங்கியும் எழுந்தும் வந்த வேலைப்பாங்கே அங்கே சிதைகிறது. வயிறு நிறைந்த பறவையும் மருந்தேறிய பறவையும் ஒரே எண்ணிக்கையில் குறைவாகக் கொத்தினாலும், பதிவுத்தாளில் அவை இரு வேறு கையெழுத்துகள்.

புறாவில் மட்டும் எழும் ஒரு தனிச் சிக்கலை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையின் எழுத்துகளில் அது பல சமயம் அடிக்குறிப்பின் மரியாதையையே பெற்றிருக்கிறது. எலி விசையை அமுக்குவது முன்காலால், உணவைத் தின்பது வாயால். வேலையும் உணவும் வெவ்வேறு உறுப்புகளுக்குரியவை. புறா வட்டைக் கொத்துவதும் அலகால், தானியத்தைப் பொறுக்குவதும் அதே அலகால். 1968-இல் பால் பிரவுனும் ஹெர்பர்ட் ஜென்கின்ஸும், எந்த நிபந்தனையுமின்றி, வட்டில் 8 வினாடி ஒளி தோன்றிப் பிறகு தானியம் வந்தாலே புறா தானாகவே அந்த ஒளியைக் கொத்தத் தொடங்கும் என்று காட்டினர். ஜென்கின்ஸும் புரூஸ் மூரும் 1973-இல் இன்னும் நுட்பமானதைப் படமெடுத்துக் காட்டினர்: தானியத்தை எதிர்பார்க்கும் புறா அலகைத் திறந்து வெட்டிக் கொத்துகிறது, தண்ணீரை எதிர்பார்க்கும் புறா அலகை ஏறக்குறைய மூடியபடி வட்டில் மெல்லப் பதித்து உறிஞ்சுவது போல் அசைக்கிறது. பறவை விளக்கையே தின்கிறது, விளக்கையே குடிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அப்படியானால் தானியத்துக்காக வட்டைக் கொத்துவது கற்ற வேலையா, உண்ணும் அசைவின் ஒரு துண்டா? உண்ணலைத் தொடும் மருந்து ஒன்று கொத்தலைக் குறைத்தால், கற்றதைத் தொட்டதா, அலகைத் தொட்டதா?

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் காத்திருக்கிறது. டோபமின் ஏற்பிகளைத் தூண்டும் அபோமார்ஃபின் என்ற மருந்தைச் செலுத்தினால் புறா, தானியம் ஏதும் இல்லாத இடத்திலும், சுவரையும் தரையையும் தன் விரல்களையும்கூட நெடுநேரம் விடாது கொத்திக்கொண்டே இருக்கும்; இந்தக் கொத்தலை எந்த மருந்துகள் தடுக்கின்றன என்பதை 1961-இல் தவன், சக்சேனா, குப்தா என்ற இந்திய மருந்தியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். அபோமார்ஃபின் எடை குறைப்பு மருந்தன்று. ஆனால் டோபமினைப் பெருக்கும் பசியடக்கி ஒன்று நிலையிடைவெளியில் கொத்தலைக் கூட்டும்போது, அந்தக் கூடுதலில் எவ்வளவு கற்ற வேலையின் முடுக்கம், எவ்வளவு வெறும் அலகின் துடிப்பு என்ற ஐயம் அபோமார்ஃபின் புறாவைப் பார்த்தவருக்கு எழாமல் இராது.

ஆகவே வேகத்தை விட்டுத் துல்லியத்தை அளப்பதே தெளிவான வழியாயிற்று. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் விக்டர் லேட்டிஸ் 1972-இல் வெளியிட்ட சோதனை இவ்வகையில் மிகவும் நேர்த்தியானது. புறா ஒரு வட்டைக் குறைந்தது எட்டு முறை கொத்திவிட்டுப் பிறகே இன்னொரு வட்டுக்கு மாற வேண்டும். முன்னதாக மாறினால் தானியம் இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஏற்பாட்டில் பறவைக்கு வழிகாட்ட எதுவுமில்லை. மற்றொன்றில் எட்டாவது கொத்து விழுந்ததும் ஓர் அடையாளம் தோன்றியது. டி-ஆம்பெட்டமின் செலுத்தியபோது அடையாளம் இல்லாத பறவை எண்ணிக்கை நிறையுமுன் அவசரப்பட்டு மாறியது. அடையாளம் இருந்தபோது அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறைந்தது. இரண்டிலும் பசி ஒன்று, மருந்தளவு ஒன்று, கிடைக்கும் தானியமும் ஒன்று. பசி போனதால் வேலை கெட்டது என்றால், ஒரு சிறு அடையாளம் அந்தப் பசியை எங்கிருந்து மீட்டுக் கொடுத்தது?

பறவையிடமே கேட்டுவிடும் வழியும் ஒன்று உண்டு. மருந்து ஊசி போட்ட நாளில் இடது வட்டையும் உப்புநீர் ஊசி போட்ட நாளில் வலது வட்டையும் கொத்தினால்தான் தானியம் என்று புறாவைப் பழக்கினால், தன் உடலுக்குள் நடப்பதையே அடையாளமாகக் கொண்டு வட்டைத் தேர்ந்தெடுக்க அது கற்றுக்கொள்ளும். பிறகு புதிய மருந்தொன்றைச் செலுத்தி, பறவை எந்த வட்டுக்குப் போகிறது என்று பார்க்கலாம். சூசெட் எவன்ஸும் கிறிஸ்-எலின் ஜோஹன்சனும் 1987-இல் இம்முறையில், டி-ஆம்பெட்டமினை உப்புநீரிலிருந்து பிரித்தறியப் பழகிய புறாக்களுக்குப் பசியடக்கிகளை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தனர். ஃபென்மெட்ரசின், ஃபென்டெர்மின் போன்ற நெருங்கிய உறவுகளுக்குப் பறவைகள் ஆம்பெட்டமின் வட்டைக் கொத்தின. ஃபென்ஃப்ளூரமினுக்கு அப்படிச் செய்யவில்லை. எல்லாப் பசியடக்கிகளுக்கும் பொதுவான ‘பசியின்மை’ என்ற ஓர் உள்ளுணர்வே பறவைக்கு அடையாளமாக இருந்திருந்தால் ஃபென்ஃப்ளூரமினும் அதே வட்டுக்குத்தான் இட்டுச் சென்றிருக்கும். மருத்துவர்கள் ஒரே அலமாரியில் வைத்ததைப் புறா இரண்டாகப் பிரித்து வைத்தது.

பசியின் வேதியியலே பறவைக்கும் பாலூட்டிக்கும் முழுக்க ஒத்துப்போவதில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. எலிக்கும் மனிதனுக்கும் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற இரைப்பை இயக்குநீர், கோழிக்குஞ்சின் மூளைக்குள் செலுத்தப்பட்டபோது தீனியைக் குறைத்தது என்று மிட்சுஹிரோ ஃபுருசேயின் குழு 2001-இல் அறிவித்தது. அதே குழு 1997-இல் காட்டியபடி, இன்றைய எடை குறைப்பு ஊசிகள் பின்பற்றும் ஜிஎல்பி-1 என்ற இயக்குநீரோ பாலூட்டியில் போலவே குஞ்சிலும் உண்ணலை வலுவாக அடக்குகிறது. ஒன்று தலைகீழ், மற்றொன்று நேர். மனிதருக்காகச் செய்யப்பட்ட மருந்தின் செயலைப் பறவையில் படிப்பவர் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக இதைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இதுவரை மருந்து கற்ற நடத்தையை என்ன செய்கிறது என்பதே பேசப்பட்டது. கற்றல் மருந்தை என்ன செய்கிறது என்ற மறுபாதி, தாங்குதிறன் பற்றிய ஆய்வுகளில் வெளிப்பட்டது. ஒரு மருந்தை நாள்தோறும் செலுத்த அதன் விளைவு தேய்ந்து போவதே தாங்குதிறன். எடை குறைப்பு மருந்துகள் சில வாரங்களில் பலனிழப்பதும் இதனால்தான் என்று கருதப்பட்டது, உடல் மருந்தைச் சீக்கிரம் சிதைக்கப் பழகிவிடுகிறது என்ற விளக்கமும் தரப்பட்டது. சார்லஸ் ஷூஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1966-இல் எலிகளில் வேறொன்றைக் கண்டனர்: ஆம்பெட்டமின் எந்த வேலையில் பரிசை இழக்கச் செய்ததோ அந்த வேலையில் தாங்குதிறன் வளர்ந்தது, பரிசு இழப்பு இல்லாத வேலையில் வளரவில்லை. கார்ல்ட்டனும் வோல்ஜினும் 1971-இல் எலிகளுக்குப் பால் கொடுக்குமுன் ஒரு குழுவுக்கும், பால் குடித்த பின் மற்றொரு குழுவுக்கும் ஆம்பெட்டமின் செலுத்தினர். உடலில் சேர்ந்த மருந்து இரு குழுவுக்கும் சமம். மருந்தின் பிடியில் இருந்தபடியே பால் குடிக்கப் பழகிய குழு மட்டுமே காலப்போக்கில் மருந்தை மீறிக் குடித்தது.

புறாவில் இதற்கு இணையான சான்று, பசியைக் குறைக்கும் மற்றொரு முடுக்கியான கோகைனிலிருந்து வந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்க் பிராஞ்சின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1987-இல் வெளியான சோதனையில், ஒவ்வொரு புறாவும் ஒரே அமர்வுக்குள் மூன்று விகிதங்களில் மாறி மாறி வேலை செய்தது: தானியத்துக்கு 5 கொத்து, 25 கொத்து, 125 கொத்து. முதலில் கோகைன் மூன்றையும் குறைத்தது. நாள்தோறும் அமர்வுக்கு முன் ஊசி தொடர்ந்தபோது, 5 கொத்திலும் 25 கொத்திலும் பறவை மெல்ல மெல்லப் பழைய வேகத்துக்கு மீண்டது. 125 கொத்து விகிதத்தில் பெரும்பாலும் மீளவேயில்லை. இரத்தத்தில் ஓடிய மருந்து மூன்றுக்கும் ஒன்றே, பசியும் ஒன்றே. வட்டின் ஒளி மாறி அடுத்த விகிதம் தொடங்கியதும், சற்று முன்வரை மருந்தே ஏறாதது போல் கொத்திய அதே பறவை, அன்றுதான் முதல் ஊசி போட்டது போல் வட்டின் முன் நின்றது.